அடுத்த உரிமையாளரின் கார்

கார் வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. காரைத் தனக்காக வைத்திருக்காது. தனக்குப் பின்னால் அதை வாங்கப்போகும், முகம் தெரியாத, ஒருவேளை இன்னும் ஓட்டவே கற்றுக்கொள்ளாத ஏதோ ஒரு புண்ணியவானுக்காக வைத்திருக்கும். அந்தப் புண்ணியவான் வரும்வரை இந்த ரகம் அந்தக் காருக்குச் சொந்தக்காரர் அல்ல, காவல்காரர். ஜெர்மனியில் காஸல் பக்கம் எங்கள் ஊரில் இந்த ரகம் அமோகமாக விளைகிறது. தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

எங்கள் தெருவுக்கு எக்கார்ட் ப்ரோமெல். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் அர்வென்ஸ். உருவத்தில் சின்னது, விலையில் பெரியது, பேச்சில் அதைவிடப் பெரியது. வாங்கப் போனபோது அவர் மனைவி ரோஸ்விதா சிவப்பு கேட்டார்.

"சிவப்பா? சிவப்ப எவன் வாங்குவான்?"

"நாமதானே வாங்கறோம்?"

"நாம வாங்கறது முக்கியமில்ல ரோஸி. நம்மகிட்ட வாங்கறவன்தான் முக்கியம்."

ஆகவே சாம்பல் நிறம் வந்தது. சாம்பலைப் பிடிக்காது என்று சொல்கிறவர் யாருமில்லை. பிடிக்கும் என்று சொல்கிறவரும் யாருமில்லை. அதனால் என்ன?

அந்தக் காரில் ஏறுவது சாமானியக் காரியமல்ல. கால் வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, அதைக் காப்பாற்ற ஒரு கம்பளம், கம்பளத்தைக் காப்பாற்ற நேற்றைய செய்தித்தாள். கைப்பையின் கொக்கி தோலைக் கீறிவிடும் என்பதால் ரோஸ்விதா அதை மடியில் ஏந்திக்கொள்ள வேண்டும். ரொட்டி வாசனை இருக்கையில் ஏறிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடைக்கு அவர் நடந்து போக, எக்கார்ட் அதே தெருவில் எஞ்சினுக்குச் சூடேற்றுவதற்காக வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு அவரைக் கடந்து போவார். கையசைத்துவிட்டுத்தான் போவார். மரியாதை தெரிந்த மனிதர்.

சாயங்காலம் மதுக்கடையில் வழக்கமான மேஜையில் அர்வென்ஸின் கதவு மூடும் சத்தத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் நடக்கும். எதிரே பக்கத்து வீட்டு கெர்டா. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய பெண்மணி. இப்போது ஓட்டுவது ஃபிங்கோ என்னும் மலிவு வண்டி. அதில் ஒரு நாயும் உருளைக்கிழங்கு மூட்டையும் நிரந்தரக் குடித்தனம்.

"அடியில ரெண்டும் ஒரே வண்டிதானப்பா" என்றார் கெர்டா ஒருநாள். "ஒரே கம்பெனி, பிளாட்ஃபார்ம்னு சொல்ற அடிச்சட்டமும் ஒண்ணுதான். உன்னுதுக்குச் சட்டை தெச்சவன் கொஞ்சம் நல்ல தையக்காரன். அவ்வளவுதான்."

எக்கார்டின் முகம் சிவந்தது. ரோஸ்விதா கேட்டிருந்த அதே சிவப்பு.

"பிளாட்ஃபார்ம் ஒண்ணா இருந்தா? உனக்கும் எனக்கும்கூட எலும்புக்கூடு ஒண்ணுதான்!"

"ஆமா. அந்த ஒரு காரணத்துக்குத்தான் உன்கூட உக்காந்து பீர் குடிக்கறேன்."

ரோஸ்விதாவுக்கு ஓர் ஆசை இருந்தது. வடக்கே கடலோர ஊரான குக்ஸ்ஹாஃபனில் கடல் பின்வாங்கும்போது ஈரச் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், மீன் வைத்த பன் சாப்பிட வேண்டும். பெரிய ஆசையா? ஆனால் போக வர எத்தனை கிலோமீட்டர் ஏறும்! உப்புக்காற்று வேறு. ரயிலில் போகலாமே என்றால், "வீட்ல அர்வென்ஸ வெச்சுக்கிட்டு ரயில்ல போனா, வண்டியில ஏதோ கோளாறுன்னுல்ல பேசுவாங்க?" என்பார். கடைசியில் ரோஸ்விதா கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எக்கார்டைக் கொஞ்சம் உறுத்தியது. மனைவியின் அறுபதாவது பிறந்தநாளன்று கடலுக்குப் போவதென்று அவரே அறிவித்தார். இருக்கைகளுக்கு மூன்று போர்வை விரித்தார்.

பிறந்தநாள் காலை. ரோஸ்விதா நீலக் கோட்டு போட்டுக்கொண்டு கேக் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். வண்டிக்கு அடியில் குளம். ராத்திரி, கார் ரப்பரைக் கடிப்பதே தொழிலான எங்கள் ஊர் மரநாய் புகுந்து ரேடியேட்டர் குழாயைக் கடித்துக் குதறியிருந்தது. இருக்கையில் ஈரவாடை ஏறக்கூடாதென்று கார்க் கொட்டகை ஜன்னலைத் திறந்து வைத்தவர் வேறு யார்? எக்கார்ட்தான்.

கெர்டா ஒரு குழாயோடு ஓடி வந்தார். "போன வருஷம் என் வண்டியையும் கடிச்சுது. அப்பவே ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சேன். இது உன் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். கால் மணி நேரத்துல மாட்டிடலாம்."

எக்கார்ட் குழாயைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஃபிங்கோன்னு அச்சடிச்சிருக்கே."

"அதனால?"

"நாளைக்கு வாங்கறவன் பானெட்டத் திறந்து பார்த்தா?"

"எக்கார்ட், இன்னிக்கு எனக்கு அறுபது" என்றார் ரோஸ்விதா.

"தெரியும் ரோஸி. புதன்கிழமை ஒரிஜினல் வந்துடும்."

"புதன்கிழமை எனக்கு அறுபதும் சில்லறையும் ஆயிருக்கும்."

அவர் நேராகப் போய் ஃபிங்கோவில், நாய்முடியின் மீது, நீலக் கோட்டோடு உட்கார்ந்தார். கைப்பையைக் காலடியில் தொப்பென்று போட்டார்.

"பின்னாடி இடம் இருக்கு, வாய்யா" என்றார் கெர்டா.

"வண்டிய இப்படித் தெறந்து போட்டுட்டு எப்படி வர்றது?"

ஃபிங்கோ கடலுக்குப் போய்விட்டது. எக்கார்ட் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது; ஆனால் சிரிப்பும் வந்தது.

புதன்கிழமை ஒரிஜினல் வந்தது. கறுப்புப் பெட்டி, வெள்ளி எழுத்து, உள்ளே பட்டுக் காகிதம். குழாயின் மேல் அர்வென்ஸ் என்று ஓர் ஒட்டுவில்லை. அதன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அடியில் அச்சடித்திருந்த பெயர்: ஃபிங்கோ. வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார், அல்லது அழுதிருப்பார். இவர் பசை எடுத்து வந்து வில்லையை மறுபடி ஒட்டினார். வாங்கறவன் பார்க்கக்கூடாதல்லவா?

வண்டியை விற்க விளம்பரம் கொடுத்ததும் அந்தப் புண்ணியவானும் ஒருநாள் வந்தான். இளைஞன். மீட்டரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"இத்தன வருஷத்துல இவ்வளவுதான் ஓடியிருக்கா? என்ன கோளாறு சார்?"

"ஒரு கோளாறும் இல்ல தம்பி. ஓட்டல."

"ஏன்?"

எக்கார்ட் கைக்குட்டையை எடுத்து மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். இளைஞன் வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டான்: "இதே வண்டி சிவப்புல எங்கயாவது கெடைக்குமா?"

அவன் போனதும் ரோஸ்விதா கொட்டகைக்குள் வந்தார். கெர்டாவோடு மாதம் ஒருமுறை கடலுக்குப் போய்வருகிறவரின் செருப்பில் மணல் ஒட்டியிருந்தது. செய்தித்தாளை உதறி எறிந்துவிட்டு, அதே செருப்போடு அர்வென்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"அதான் அவன் வாங்கலியே. இப்பவாவது நம்ம வண்டிதானே? போலாமா?"

எக்கார்ட் உடனே சாவியை எடுத்தார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அவர் துடைப்பத்தை எடுத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் தொலைக்காட்சியின் ரிமோட்டை மட்டும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வாங்கி வந்த அன்றைய பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேல் இருக்கிறதா? யாருக்காக?