ஒன்ஸ்மோர் அண்ணன்

கள்ளக்குறிச்சியில் மேடை ஏறிப் பாடியவர், பேசியவர், ஏன், தாலி கட்டியவர்கூட ஒன்ஸ்மோர் அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இளநீர் விற்பவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊரில் எங்கே மைக் செட் கட்டினாலும், வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, தோளில் சிவப்புத் துண்டோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். திடீரென்று எழுந்து ஒரு சத்தம்: "ஒன்ஸ்மோர்!"

ஒருமுறை ஒரு கட்சிப் பேச்சாளருக்கு அப்படிச் சத்தம் போட்டார். அந்த மனிதர் உச்சி குளிர்ந்துபோய், "அன்பார்ந்த பெரியோர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். கூட்டமே அண்ணனை அடிக்கத் தேடியது. ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு "ஒன்ஸ்மோர்!" பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் இங்கே ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் பாடகருக்குக் கச்சேரிக்குக் கச்சேரி அண்ணனின் ஒன்ஸ்மோர் உண்டு. "ஊர்ல ரசிகன்னா அவுரு ஒருத்தருதாம்பா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். விரல் தேய வாசிக்கும் எனக்கு ஒன்றுகூட விழுந்ததில்லை. என் வயிறு எரியாதா?

போன மாரியம்மன் திருவிழாவில் மல்லிகா என்ற பெண்ணை மேடையேற்றினோம். கல்வராயன் மலைக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஒரு பாட்டு நன்றாக வந்தால் குழுவில் சேர்ப்பது, இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுவது என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அவள் அப்பா மலையிலிருந்து பஸ் பிடித்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பல்லவி தேன். சரணத்தில் பெண்ணுக்கு வரி மறந்துவிட்டது. குரல் உடைந்து, பாட்டு நின்றே போயிற்று. கூட்டத்தில் விசில். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அப்போது பார்த்தா அந்தக் குரல் வர வேண்டும்?

"ஒன்ஸ்மோர்!"

அட பாவி மனுஷா, அழுகிற பிள்ளையிடமா கிண்டல்? எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கூட்டம் சிரித்தது, பிறகு அதுவும் சேர்ந்து ஒன்ஸ்மோர் கேட்டது. நீட்டிய கையை மாஸ்டர் மடக்கிக்கொண்டார். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாடினாள். என்ன சொல்ல, அம்மன் தேரே ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கும்! முடிந்ததும் ஊரே ஒன்ஸ்மோர் கேட்டது, அண்ணனைத் தவிர. அவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் நேரே இளநீர் வண்டிக்குப் போனேன்.

"இன்னாண்ணே, அந்தப் பொண்ணப் பாத்தா கிண்டலா இருக்கா ஒனக்கு?"

"கிண்டலா? சரியா வரலீங்க. அதான் இன்னொரு தபா பாடச் சொன்னேன்."

"ஒன்ஸ்மோர்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்ணே!"

"யாரு சொன்னது? மலையில சினிமா ஷூட்டிங் எடுத்துக்கினு இருந்தாங்க. நான்தான் எளநி கொண்டுபோனேன். நடிப்பு சொதப்புனா டைரக்டரு ஒன்ஸ்மோர்னுவாரு. நல்லா வந்துட்டா ஓகேன்னு எந்திரிச்சிப் பூடுவாரு."

"அப்போ அந்தக் கல்யாணம்?"

"முடிச்சி அவுந்துக்கினு இருந்திச்சிங்க. யாரு பாத்தாங்க?"

"எங்க பாடகரு?"

"பாவம், எத்தினி தபா சொன்னாலும் திருந்த மாட்டேன்றாரு."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எனக்கு ஏன்ணே ஒரு தபாகூட சொல்லல?"

"நீங்கதான் மொத தபாவே கரெக்டா வாசிச்சிடறீங்களே" என்று இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார்.

பாடகரிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. மல்லிகா இப்போது எங்கள் குழுவில் பாடுகிறாள். எனக்கும் வயதாகிறது, விரல் முன்போல் ஓடுவதில்லை. என்றாவது தடுமாறி நின்றால், கடைசி வரிசையில் அந்தச் சிவப்புத் துண்டு எழுந்து நிற்கும் என்ற தைரியத்தில்தான் இன்னும் மேடை ஏறுகிறேன்.