கூடுதலாக ஒரு சுற்று

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பியின் இளைய மகள் எழுதுகிறேன். நடந்த எல்லாவற்றையும் நடந்தபடியே, உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். அழகாக இருந்ததை மட்டும் அழகாக இருந்தது என்று எழுதுவேன்.

முதலில் நலம் விசாரிப்பு. இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் அம்மா ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் நீட்டுவாள். "வாசனை தெரியுதா?" என்று கேட்பாள். தெரிகிறது என்று சொன்னால்தான் காலை உணவு. அப்பா ஒருநாள் விளையாட்டுக்கு "தெரியலையே" என்று சொல்லிவிட்டு, மதியம் வரை மாடியறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நீங்களும் பெரியம்மாவும் எல்லா வாசனைகளும் தெரிந்தபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி மகளாக எழுதுவதா, பள்ளியின் பாதுகாப்பு மாணவியாக எழுதுவதா என்று கொஞ்சம் குழப்பம். நீங்கள் எனக்குப் பெரியப்பா. அதே சமயம் பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுக் குழுவின் செயலாளர். சென்ற வருஷம் நோய்த்தொற்றால் போட்டிகளே நடக்கவில்லை. இந்த வருஷம் ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்திலேயே ஓடி, நேரத்தைக் குறித்து அனுப்பினால் போதும், நல்ல நேரம் உள்ளவர்கள் மட்டும் பெரிய அரங்கத்தில் இறுதி ஓட்டம் ஓடலாம் என்று நீங்கள்தான் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். அக்கா அதை வாங்கி நாலு தடவை படித்தாள். புத்தகம் கொடுத்தால் அட்டையைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம் என்பது உங்களுக்கே தெரியும். பள்ளி மூடியிருந்தபோது மொட்டை மாடியில் துணிக்கொடியைச் சுற்றிச் சுற்றி ஓடினாளே, கீழ்வீட்டுக்காரர் வந்து "உங்க வீட்ல மாவு மில் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாரே, அதுவும் தெரியும். ஆகவே அவளுக்கு அந்த இறுதி ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

என்னைப் பாதுகாப்பு மாணவியாகத் தேர்ந்தெடுத்தது விளையாட்டு ஆசிரியர். அவரை நாங்கள் விசில் சார் என்போம். தலைமையாசிரியை, பொறுப்பான ஒரு பெண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் என்னைக் காட்டி, "இவளைப் போடுங்க மேடம். யார் பக்கத்துலயும் போகமாட்டா, எதையும் தொடமாட்டா. ரெண்டு கையிலயும் எப்பவும் புத்தகம்தான்" என்றார். அது பாராட்டா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் சானிடைசர் புட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா, உங்கள் சுற்றறிக்கையின் ஒவ்வொரு வரியையும் நாங்கள் அப்படியே பின்பற்றினோம். மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டோம், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வட்டத்தில் நிற்க. மாடியிலிருந்து பார்த்தால் அப்போதுதான் தூறல் விழத் தொடங்கிய குளம்போல இருந்தது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீளம் தாண்டும் குழியில் ஒருவர் விழுந்த மணலில் இன்னொருவர் விழலாமா என்று தலைமையாசிரியைக்குச் சந்தேகம் வந்தது. "மணலைச் சுத்தம் பண்ண வழி இல்லையா?" என்று கேட்டார். "கை கழுவச் சொல்லலாம், ஆனா மணலுக்குக் கை இல்லையே மேடம்" என்றார் விசில் சார். குண்டு எறிதலில் ஒவ்வொரு தடவையும் குண்டை நான் சானிடைசரால் துடைத்தேன். அதனால் அது வழுக்கிப் பின்பக்கமாகப் போய்த் தலைமையாசிரியையின் நாற்காலியருகே விழுந்தது. அவர் எழுந்திருக்காமலேயே, "தூரம் அளந்தீங்களா?" என்று கேட்டார். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றக்கூடாது என்பதால் ஆளுக்கு ஒரு கோல் வைத்துக்கொண்டு, கொடுப்பதுபோலவும் வாங்குவதுபோலவும் பாவனை செய்தார்கள். ஒருத்தி பாவனையிலேயே கோலைத் தவறவிட்டு, திரும்பிப் போய், குனிந்து, இல்லாத கோலை எடுத்துக்கொண்டுதான் ஓடினாள். "நேர்மைன்னா இது" என்று விசில் சார் கண் கலங்கினார்.

சுற்றறிக்கையில் 'கூச்சலிடுதல், வாயால் விசில் ஊதுதல் அறவே கூடாது' என்று இருந்தது. விசில் சாரிடம் அதைப் படித்துக் காட்டியது நான்தான். "அப்போ என்னை எதுக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொடி அசைத்துத்தான் ஓட்டங்களைத் தொடங்கினார், முடித்தார். கூச்சலிடாமல் எப்படி உற்சாகப்படுத்துவது என்ற கேள்விக்குத் தலைமையாசிரியை வழி கண்டுபிடித்தார். பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோரையும் இடம்விட்டு நிற்கவைத்து, "பிடிச்சவங்க ஓடும்போது ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டணும். வாய் திறக்கக்கூடாது. எங்கே, ஆட்டுங்க பார்ப்போம்" என்றார். பள்ளி முழுவதும் ஆட்டியது. ஒருவார காலம் இதற்குப் பயிற்சி. மணி அடித்தால்கூடப் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள்.

இப்போது அக்காவின் ஓட்டத்துக்கு வருகிறேன். அது ஆறு சுற்று ஓட்டம். மற்ற மாணவிகளெல்லாம் தனித்தனியாக ஓடி முடித்துவிட்டார்கள், அக்காதான் கடைசி. வெயில் சாய்ந்து, மைதானத்தின் தூசி எல்லாம் பொன்னாகியிருந்த நேரம். விசில் சார் கொடியை அசைத்தார். கணக்கு டீச்சர் கடிகாரத்தை அழுத்தினார். அக்கா புறப்பட்டாள்.

பெரியப்பா, சத்தமில்லாத ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சுற்றறிக்கை எழுதியவர் என்பதால் கேட்கிறேன். அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு குரல் இல்லை. அக்காவின் காலடி மட்டும் கேட்கிறது. அவள் எந்தப் பக்கம் வருகிறாளோ அந்தப் பக்கம் கைகள் எழுகின்றன, கடந்ததும் தாழ்கின்றன. காற்று ஒரு நாணல் காட்டைச் சுற்றி வருவதுபோல. என் மூக்குக்கண்ணாடி வேறு முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த மூச்சில் பனிபடிந்துவிட்டது. அந்தப் பனிக்குள் அக்கா ஒரு வெள்ளைப் புகையாக வந்து போனாள். நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்துக்கொண்டே காணும் கனவு என்றால் இதுதான் என்று நினைத்தேன். நினைத்திருக்கக்கூடாது. ஏனென்றால் இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவது என் வேலை.

அட்டையைச் சரியாகத்தான் காட்டிக்கொண்டு வந்தேன். 'ஒன்று' காட்டியபின் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைக்குமுன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், அது நானே எழுதிய விதி. கையில் சானிடைசர் காயும்வரை காத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டி நிமிர்ந்தால், அக்கா எதிரே வந்துகொண்டிருக்கிறாள். அட்டை காட்ட மறந்துவிட்டோமே என்று பதறி, மறுபடியும் 'ஒன்று' என்று தூக்கிக் காட்டினேன். விசில் சார் என் அட்டையைப் பார்த்துத்தான் கொடியை இறக்குவார். இறக்கவில்லை. அக்கா கோட்டைத் தாண்டி ஏழாவது சுற்றுக்குள் போய்விட்டாள்.

அடுத்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் கத்தக்கூடாதே! முதலில் விசில் சார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நில் நில் என்று ஆட்டினார். பிறகு கணக்கு டீச்சர். பிறகு வட்டங்களில் நின்ற அத்தனை பிள்ளைகளும். அக்கா பார்த்தாள். பள்ளியே தன்னைக் கொண்டாடுகிறது என்றல்லவா நினைத்திருப்பாள்? சிரித்தபடி வேகத்தைக் கூட்டினாள். இவர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள். அவள் இன்னும் வேகமாக ஓடினாள். விசில் சார் துரத்திக்கொண்டு போனார். இடைவெளி விட்டு ஓட வேண்டும் என்பதால் அவரால் பிடிக்க முடியவில்லை. இடைவெளி விடாமல் ஓடியிருந்தாலும் முடிந்திருக்காது என்பது வேறு விஷயம். கடைசியில் தாங்கமாட்டாமல் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். முகக்கவசத்தை மறந்துவிட்டார். கவசம் தவளைத் தொண்டைபோல உப்பியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அக்கா சுற்றை முடித்துப் புல்லில் மல்லாந்து விழுந்தாள். கணக்கு டீச்சர் அப்போதுதான் கடிகாரத்தை நிறுத்தினார், கொடி இறங்காமல் நிறுத்தக்கூடாது என்று விதி இருந்ததால். நேரத்தைப் பார்த்த விசில் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு! இந்த நேரத்தை அனுப்பினா, பொண்ணு நடுவுல உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தாளான்னு கேப்பாங்க."

"ஏழால வகுத்து ஆறால பெருக்கினா சரியா வந்துடும் சார்," என்றார் கணக்கு டீச்சர். உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டும் காட்டினார். அது அவ்வளவு நல்ல நேரம்.

"காகிதத்துல ஓடினதை எல்லாம் அனுப்ப முடியாது," என்றார் தலைமையாசிரியை. "இனிமே கமிட்டிதான் முடிவு பண்ணணும்."

அக்கா புல்லிலிருந்து எழுந்தாள். காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வழிநெடுக அவள் பேசாததால், கோபத்தில்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போது அம்மா, "என்ன, ரெண்டும் வாயில பூட்டு போட்டுட்டு வந்திருக்கு?" என்று கேட்டாள்.

ஆகவே பெரியப்பா, என் வேண்டுகோள் இதுதான். நடத்துகிறவர்களின் தவறால் ஒருவருடைய நேரம் கெட்டால் அவரை மறுபடி ஓடவிடலாம் என்று உங்கள் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தவறு முழுவதும் நடத்தியவர்களுடையது, அதாவது என்னுடையது. அக்கா அப்பாவி. தன் ஓட்டம் முடிந்துவிட்டது என்பதே தெரியாமல், அட்டையை நம்பி ஓடியவள். என்னைப் பாதுகாப்பு மாணவி பதவியிலிருந்து நீக்கிவிடுங்கள். கையில் மறுபடி புத்தகம் பிடிக்க எனக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவுக்கு இன்னொரு ஓட்டம் கொடுங்கள். உறவு என்பதற்காகக் கேட்கவில்லை. உறவு இல்லாவிட்டால் உங்கள் முகவரி எனக்குக் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

பெரியம்மாவின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். என் வணக்கங்களை உரிய இடைவெளியில் நின்று ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
தம்பி மகள்

பி.கு.: உறையில் போடுமுன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், 'அப்பாவி' என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டீ, எனக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"தெரியுமா? அப்போ முடிஞ்சுடுச்சுன்னு..."

"தெரியும். உன் அட்டை தப்புன்னும் தெரியும். சார் நிக்கச் சொல்லித்தான் கையை ஆட்டறார்னும் தெரியும். அவர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஓடினே?"

போர்வையைக் காலின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நின்னா முடிஞ்சு போயிடுமேடீ," என்றாள்.

நான் பேனா மூடியைத் திறந்தேன். "பெரியப்பாவுக்கு இதையும் எழுதட்டுமா? எழுதினா மறுபடி ஓட விடமாட்டாங்க," என்றேன்.

"எழுது. பொய் சொல்லி வாங்கின ஓட்டத்துல கால் வராது."

ஆகவே பெரியப்பா, மேலே தவறு என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் தவறு இல்லை என்றும், அப்பாவி என்று எழுதிய இடத்தில் அப்பாவி இல்லை என்றும் திருத்திப் படிக்கவும். வேண்டுகோளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை எழுதும்போது அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, போர்வைக்குள் கால் இரண்டும் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தன. எத்தனையாவது சுற்று என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.