வடக்கே சூலம், கிழக்கே சிங்கப்பூர்

இலவசமாகக் கிடைக்கும் பயணத்தைப் போல மனிதனைக் குழப்புவது வேறெதுவும் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் ஏறி உட்கார்ந்துவிடலாம். ஓசி டிக்கெட் என்றால் அதற்கு ஆயிரம் விதி, ஆயிரம் உள்விதி. போன வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, என் கார்டுல மைல் நிறைய சேர்ந்துடுச்சு. உனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் ஃப்ரீ."

எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மைல் எப்படிச் சேரும் என்று கேட்டேன். மளிகை வாங்கினால் சேருமாம், கரண்ட் பில் கட்டினாலும் சேருமாம். மிளகாய்த்தூள் வாங்குவதற்கும் விமானம் பறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மண்டைக்கு ஏறவே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி காந்திமதி போனை வாங்கி, "உங்கப்பாவுக்கு இதெல்லாம் புதுசாடி? மோட்டாரு வித்தே சிங்கப்பூரு போனவராச்சே" என்றாள். ('போனவர்' என்ற சொல்லை அவள் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அதற்காகவே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. திண்டிவனத்தில் பம்புசெட் மோட்டார் விற்கும் கடை வைத்திருந்தேன். விழுப்புரத்தில் இருந்த என் மாமனார் கோவிந்தசாமி தன் பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகத்தில் மாப்பிள்ளை தேடித் தேடி அலுத்துப்போய்க் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தவர். யாருக்காவது என்னை அறிமுகம் செய்தால், "நம்ம மாப்ள, கடை வச்சிக்கினு இருக்காரு" என்பார். 'கடை' என்று சொல்லும்போது அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அந்தக் குரலை மேலே தூக்க எனக்கு ஒரு மோட்டார் தேவைப்பட்டது.

அப்போதுதான் கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனி அந்தத் திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் பாயிண்ட் உண்டு. போதுமான பாயிண்ட் சேர்த்த டீலர்களைக் கம்பெனியே சிங்கப்பூருக்கு அழைத்துப் போகும். சின்ன மோட்டாருக்கு ஒரு கணக்கு, பெரிய மோட்டாருக்கு ஒரு கணக்கு. ரிப்பேருக்குத் திரும்பி வந்தால் பாயிண்ட் குறையும், மாற்றிக் கொடுத்தால் பாதி திரும்பி வரும். எத்தனை முறை படித்தும் எனக்கு அது பிடிபடவில்லை. பாயிண்ட் ஏறும், இறங்கும், சில மாதம் காணாமலே போகும். கடைசியில் கொஞ்சம் குறைகிறது என்று தெரிந்ததும் காந்திமதி அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

மாமனார் நேராகக் களத்தில் இறங்கினார். கோலியனூர்ப் பங்காளி, திருவெண்ணெய்நல்லூர் சம்பந்தி என்று ஒருவரையும் விடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களை எல்லாம், "இது எந்நேரமும் நின்னுடும்யா, சத்தத்தப் பாரு" என்று பயமுறுத்தி மாற்ற வைத்தார். பாயிண்ட் நிரம்பியது. பாஸ்போர்ட் வந்தது, டிக்கெட்டும் வந்தது. மறுநாளே அவர் யாரிடமோ, "நம்ம மாப்ள சிங்கப்பூரு போறாரு, கம்பெனி செலவுல" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். குரல் கிணற்றுக்குள் இறங்கவில்லை. எனக்குச் சிங்கப்பூரே போகாவிட்டாலும் போதும் என்று இருந்தது. (அப்படி நினைத்திருக்கக் கூடாது.)

சிக்கல் கிழமையில் வந்தது. விமானம் செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமை வடக்கே சூலமாச்சே மாப்ள. மீனம்பாக்கம் வடக்கால இல்ல கீது?" என்றார் மாமனார்.

"கொஞ்சம் பாலு குடிச்சிட்டுக் கெளம்புனா தோஷம் கெடையாதுப்பா" என்றாள் காந்திமதி.

"அது அச்சிறுபாக்கம் போறவனுக்கும்மா. கடலு தாண்டறவருக்குப் பாலு பத்தாது. பரஸ்தானம் வச்சிடணும்."

பரஸ்தானம் தெரியாதவர்களுக்காக: கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் பயணப் பெட்டியை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் போனாலும் சூலம் ஒன்றும் செய்யாது. பெட்டியை விழுப்புரத்தில் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக மாமனார் சொன்னார். பெட்டியும் அவர் வாங்கித் தந்ததுதான். சாம்பல் நிறம், புத்தம் புதுசு. லாரிகளுக்கு எழுதுகிற ஆளைப் பிடித்து இரண்டு பக்கமும் 'ஏழுமலை, மோட்டார் கடை, திண்டிவனம்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுத வைத்திருந்தார். அரை பர்லாங் தூரத்திலிருந்தே படிக்கலாம்.

திங்கட்கிழமை பெட்டியை எடுக்க வந்தவர், "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாம் உள்ள வச்சாச்சா?" என்று கேட்டார்.

"அது என்கிட்ட இருக்கட்டும் மாமா."

"வெறும் துணிமணிய வச்சா துணிமணிதான் பயணம் போவும். பாஸ்போர்ட்ட வச்சாத்தான் அது உங்க பயணம்."

வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. வைத்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எனக்கே புரிய வெகுநாள் ஆயிற்று. எங்கள் வீட்டு வழக்கப்படி பரஸ்தானம் வைத்தால் ஆள் பெட்டி இருக்கும் வீட்டுக்குப் போய், அதை எடுத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்புவார். மாமனார் வீட்டு வழக்கப்படி, பெட்டி முன்னால் போகும். ஆள் தனியாகப் போய் வழியில் சேர்ந்துகொள்வார். இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தவர் வழக்கம் தெரியாது. காந்திமதி பிறந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் பரஸ்தானம் வைத்துப் பயணம் போனதில்லை, அதனால் அவளுக்கும் தெரியாது. அது வேறு மாதிரி இருக்க முடியும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அருகே என்னை வழியனுப்ப ஷாமியானா போட்டிருந்தார்கள். கடைத்தெருவே திரண்டிருந்தது. பக்கத்து உரக்கடை கலியபெருமாள் மைக்கில் என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியைக் கேட்டு நானே யாரோ என்று நினைத்தேன். கழுத்து நிறைய மாலை. காந்திமதியும் நானும் வாடகை அம்பாசிடரில் ஏறினோம். மேளம் உச்சத்துக்குப் போனது. கார் வடக்கே மெட்ராஸ் பக்கம் திரும்பாமல் தெற்கே விழுப்புரம் பக்கம் திரும்பியதும் மேளம் பாதியில் நின்றுவிட்டது.

"யோவ் ஏழுமல, சிங்கப்பூரு அந்தப் பக்கமாய்யா?" என்று கலியபெருமாள் மைக்கிலேயே கேட்டார்.

நான் எல்லாம் தெரிந்தவன் போலக் கையை ஆட்டினேன்.

விக்கிரவாண்டியில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. எதிர்ப்பக்கம் ஒரு வேன் மெதுவாக ஊர்ந்து போனது. அதில் என் மாமனார், மாமியார், உறவுக்காரர்கள், மடியில் என் பெட்டி. எனக்குத் தெரியாது, மாலைகள் மூக்கு வரை ஏறியிருந்தன. ஆனால் மாமியார் என்னைப் பார்த்திருக்கிறார். "அந்தக் காருல நம்ம மாப்ள மாதிரியே ஒருத்தரு போறாரு" என்றாராம். அதற்கு மாமனார், "மாப்ள இந்நேரம் செங்கல்பட்டு தாண்டியிருப்பாரு. மால போட்டவனெல்லாம் மாப்ளயாடி?" என்று அதட்டி உட்கார வைத்திருக்கிறார்.

விழுப்புரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து என்னையும் என் மாலைகளையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் ஏரோப்ளேன் ஏத்தி உடப் போயிக்கிறாங்களே."

"யாரைங்க?"

"உங்களத்தான்."

"அப்ப நீங்க இங்க இருந்தா, அங்க யாரு போறது?" என்று அந்த அம்மா கேட்டார். காந்திமதிதான் முதலில் விழித்துக்கொண்டாள். "ஜல்தியா வண்டியத் திருப்புங்க!" என்று டிரைவரிடம் கத்தினாள்.

திரும்பும் வழியில் திண்டிவனத்தைத் தாண்டியாக வேண்டும். ஷாமியானா அடியில் மிச்சமிருந்த கூட்டம் கலர் குடித்துக்கொண்டிருந்தது. நான் மாலைகளோடு சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். காந்திமதி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். அச்சிறுபாக்கம் தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றினால் அதற்கு முன்பே உயிர் போயிருந்தது. (பால் குடித்துவிட்டாவது கிளம்பியிருக்கலாம்.)

மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் நிற்கும் மாடிக்கு மூச்சிரைக்க ஏறினேன். என் மாமனார் குடும்பமே கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றிருந்தது. விமானம் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் அவர் பக்கத்தில் போய் நின்று அந்த விமானத்தைப் பார்த்தேன்.

"மாமா, யாருக்குக் கைய ஆட்றீங்க?"

"உங்களுக்குத்தான் மாப்ள" என்றார், திரும்பாமலேயே. இன்னும் இரண்டு முறை துண்டைச் சுழற்றிய பிறகுதான் கை நின்றது.

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அவ்வளவு சந்தோஷமாகக் கையாட்டியதில்லை. அந்த விமானத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்காக இல்லை, அந்தத் துண்டுக்காக.

நடந்தது இதுதான். கம்பெனி ஆள் சம்பத், பெட்டியில் பெரிசாக என் பெயரைப் பார்த்ததும், "ஏனுங்க, சாரு எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் முன்பே வந்து உள்ளே போயிருப்பேன் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். நான் இவர்களோடு வேனில் வந்து எங்கோ ஒதுங்கியிருக்கிறேன் என்று சம்பத் எடுத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் உருவிக்கொண்டு, மற்றவர்களின் பெட்டிகளோடு என் பெட்டியையும் உள்ளே ஏற்றிவிட்டார். (அந்தக் காலத்தில் அதெல்லாம் நடந்தது.) பெட்டி ஏறிவிட்டது, ஆள் இல்லை.

திண்டிவனத்துக்கு எந்த முகத்தோடு திரும்புவது? "சுற்றுலா முடியற வரிக்கும் நம்ம வூட்டுல இருங்க. வெளிய தல காட்டாதீங்க" என்றார் மாமனார். சிங்கப்பூரில் இருக்க வேண்டிய நாட்களை விழுப்புரத்தில் ஒரு பின்கட்டு அறையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்தபடி கழித்தேன். குழு திரும்பிய அன்று மாமனார் மீனம்பாக்கம் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். கைப்பிடியில் விமானக் கம்பெனியின் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. டீலர்களுக்குக் கொடுத்த பரிசுகளில் என் பங்கையும் சம்பத் உள்ளே வைத்திருந்தார், குடையும் தைலமும் பேனாக்களும்.

மறுநாள் வடக்குப் பக்கமாகச் சுற்றி வந்து திண்டிவனத்தில் காரை விட்டு இறங்கினேன். பெட்டியையும் அட்டையையும் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? கலியபெருமாளுக்குக் குடையே கொடுத்தேன்.

"ரோடெல்லாம் எப்படிய்யா?"

"சுத்தம்."

"சாப்பாடு?"

"அதுவும் சுத்தம்."

"ஜனங்க?"

"ரொம்ப சுத்தம்."

இதற்கு மேல் என் சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளில் நான் நிஜமாகவே போய்விட்டு வந்ததாக எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய பார்சல் வந்தது. ஆர்வத்தில் கலியபெருமாளே கடை வாசலில் வைத்துப் பிரித்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட குரூப் போட்டோ. கடையில் மாட்டிக்கொள்ள எல்லா டீலருக்கும் அனுப்பியிருந்தார்கள். சிங்கப்பூர் ஓட்டல் வாசலில் டீலர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில், கழுத்து இல்லாததால் கைப்பிடியில் மாலை போட்டுக்கொண்டு, என் பெட்டி உட்கார்ந்திருந்தது.

கடைத்தெரு குனிந்து பார்த்தது. "ஏழுமல, நீ எங்கய்யா கீற இதுல?" என்றார் கலியபெருமாள்.

கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த காந்திமதி சட்டென்று, "போட்டோ புடிச்சதே அவருதாங்க" என்றாள். (என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன ஒரே பொய். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.)

கலியபெருமாள் அடியில் அச்சிட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தார்: "இடமிருந்து மூன்றாவது, திண்டிவனம் ஏழுமலை." பிறகு, பக்கத்தில் விரித்து வைத்திருந்த நான் கொடுத்த குடையை மெதுவாக மடக்கி என் கையில் கொடுத்தார்.

அன்று சிரிக்க ஆரம்பித்த கடைத்தெரு இன்னும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பெயர் 'பெட்டி ஏழுமலை'. சம்பத்தை விசாரித்தபோது, "பாயிண்ட் உங்களுதுங்களே, நாற்காலிய எப்படீங்க காலியா உடறது?" என்றார். மாமனார் மட்டும் கலங்கவில்லை. போட்டோவைத் தன் கையால் கடையில் மாட்டிவிட்டு, "பாத்தீங்களா மாப்ள? செவ்வாக்கெழம போன பெட்டி ஒரு கீறல் இல்லாம திரும்பிச்சு. பரஸ்தானம் பொய்க்கல" என்றார். சாகும்வரை என்னை அறிமுகம் செய்யும்போதெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அறிமுகம் செய்தார். குரல் ஒருநாளும் இறங்கவில்லை.

மகள் போட்டுக் கொடுத்த ஓசி டிக்கெட்டில் போன வருஷம் நாங்கள் கிளம்பினோம். அந்தப் பழைய சாம்பல் பெட்டியைத்தான் எடுத்துப் போவேன் என்று அடம் பிடித்தேன். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேல் கையையும் வைத்துக்கொண்டே விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகச் சிங்கப்பூரில் கால் வைத்தேன். ரோடு நிஜமாகவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அதை நான் பார்த்தது நெடுநேரம் கழித்துத்தான். எல்லோருடைய பெட்டியும் வந்த பிறகும் எங்கள் பெட்டி வரவில்லை. சுழன்றுகொண்டிருந்த வெறும் பட்டையையே வெறித்துக்கொண்டு நின்றேன். விசாரித்தால், மெட்ராஸிலேயே தங்கிவிட்டதாம்.

காந்திமதி கொஞ்சம்கூடப் பதறவில்லை. "அது ஏற்கெனவே பாத்த ஊருதானே" என்றாள். "மறுபடியும் எதுக்கு வரப்போவுது?"