ஒரிஜினல் கடையில் ஒரு சிட்டிகை சாமை

வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே பெரிய வியாபாரி ஆனவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார். உலகத்தையெல்லாம் நீ பார்த்தாயா என்று கேட்காதீர்கள். நான் சேலத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் 'ஒரிஜினல்'. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்சி, கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தார். எதைக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஒரிஜினலு" என்றால் கொடுத்தவர் பிழைத்தார். "டூப்ளிகேட்டு" என்றால் அவர் வாயில் அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது. டீக்கடையில் பாலைச் சொல்வார், கோயிலில் விபூதியைச் சொல்வார். ஒரு சாவு வீட்டில் மாரடித்து அழுத மருமகளைப் பார்த்து "டூப்ளிகேட்டு" என்று முணுமுணுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அவர் கடைக்கு அடுத்தது கடலைக்காய் மண்டி. அங்கே எனக்குப் புடைக்கிற வேலை. ஒரிஜினல் என்னைவிடப் பத்து வயது சின்னவர், "யக்கா, யக்கா" என்பார். நான் தம்பி என்பேன்.

எல்லாம் தியாகதுருகத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. நானும் போயிருந்தேன். பெண்ணின் அப்பா மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் கம்பெனி வாட்ச் ஒன்றைப் போனில் படம் பார்த்து வாங்கிப் போட்டிருந்தார். மேடையில் மாப்பிள்ளை சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி, எல்லோருக்கும் இடது கையாலேயே வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். மொய்க் கவரோடு ஏறிய ஒரிஜினல், அந்தக் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"முள்ளு குதிச்சிக்கினு போவுதே மாப்ள! இந்தக் கம்பெனி வாட்ச்சுல முள்ளு வழுக்கிக்கினு இல்ல போவணும்? டூப்ளிகேட்டு!"

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முகம் கருத்தது. பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"எனுக்கு இன்னாப்பா தெரியும்? அதே பேருதான் போட்டிருந்திச்சி. கரும்பு பணத்துல முக்கால்வாசி அதுக்குத்தான் போச்சி" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு ஒரிஜினல் சாப்பிடாமல் வந்தார். பந்தியில் மூன்று தரம் பாயசம் கேட்கிற மனிதர். கள்ளக்குறிச்சியில் நாங்கள் பஸ் இறங்கியதும் சொன்னார்:

"உண்மையைச் சொன்ன வாயி, உண்மையான பொருளையும் குடுக்கணும் யக்கா. போன்லதானே ஏமாத்தறான்? நானும் போன்லயே விக்கிறேன். பெரிய கம்பெனி சாமான், ஒரிஜினல் மட்டும்."

வாட்ச் கம்பெனிக்காரர்கள் அவரை வாசல் காவலாளியோடு பேசவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு பெரிய மிக்சி கம்பெனிக்குப் போனார். அவர்கள் மிக்சி ஒன்று ஒரு கறவை மாட்டு விலை. கூடவே ஒரு மஞ்சள் பையையும் எடுத்துப்போனார். இத்தனை வருஷமாக அந்தக் கம்பெனி மிக்சிகளிலிருந்து கழற்றிப்போட்ட புஷ், கப்ளர், கருகின காயில் எல்லாவற்றையும் நூல் கட்டி, சீட்டு எழுதி வைத்திருந்தார். மேனேஜர் மேஜையில் அதைக் கொட்டி, "உங்க சாமான் எங்கெங்க நோவும்னு உங்களவிட எனுக்குத் தெரியும் சார்" என்றாராம். ஷோரூம் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்று கேட்க நினைத்த மேனேஜர், கேட்காமலே ஏஜென்சி கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் கடலைக்காய் மண்டியை மூடினார்கள். ஒரிஜினல் அதை வாடகைக்கு எடுத்தார். உள்ளே நான் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். "இவங்களும் மண்டியோட சேர்த்துத்தானா?" என்று கேட்டார். மண்டிக்காரர் தலையை ஆட்டினார். அப்படித்தான் நான் ஆன்லைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் வெப்சைட்டைக் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தார். மற்றவர்கள் மிக்சியை முன்பக்கம் பளபளவென்று படம் எடுப்பார்கள். இவர் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை எடுத்தார். கீழே எழுதியிருந்தார்: 'நன்றாக அரைக்கும். சத்தம் அதிகம். குழந்தை தூங்கும்போது ஓட்டக் கூடாது. தேவையில்லாதவர்கள் வாங்க வேண்டாம்.'

அப்படியும் ஆர்டர் வந்தால் சும்மா அனுப்பமாட்டார். போன் போட்டு விசாரிப்பார். பெண் கொடுக்கிறவர்கள்கூட அப்படி விசாரிக்கமாட்டார்கள்.

"பழைய மிக்சிக்கு இன்னா ஆச்சி தாயி?"

"சத்தம் போடுதுங்க."

"போனை அது கிட்ட வெச்சி, ஓட வுடு."

கண்ணை மூடிக் கேட்பார். மிக்சி அந்தப் பக்கம் கத்தும், இந்தப் பக்கம் இவர் முகம் சுளிக்கும்.

"புஷ்ஷு போயிருக்கு, அவ்ளோதான். தெருக்கோடி ரிப்பேர் கடையில மாத்திக்கோ. ஆர்டரை அடிச்சிட்டேன்."

"ஐயோ, எனக்குப் புதுசுதாங்க வேணும்!"

"நல்லா ஓடறதைத் தூக்கிப் போட என்னால முடியாது தாயி" என்று வைத்துவிடுவார்.

சாயந்திரம் கடை சாத்தும்போது பெருமையாகச் சொல்வார்: "இன்னிக்கி வித்தது ரெண்டு, விக்காதது அஞ்சு." நான் சம்பள நாளை விரல்விட்டு எண்ணுவேன். ஆனால் அந்த ஐந்து பேரும் சும்மா இருக்கவில்லை. தங்கை கல்யாணம், அண்ணன் புதுவீடு என்று வந்தபோது, "அந்தத் திட்டற கடையிலதான் வாங்கணும்" என்று இவரிடமே வந்தார்கள். அவர்கள் சொல்லி அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் வந்தார்கள். முதல் வருஷம் ஈ ஓட்டினோம். மூன்றாம் வருஷம் கூரியர் வண்டி எங்கள் வாசலில் தினம் நின்றது.

பேக்கிங் என் பொறுப்பு. கம்பெனி தெர்மாகோலும் பபுள் கவரும் போடச் சொன்னது. இவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி கீது, பஞ்சு இல்ல. டூப்ளிகேட்டு. மாட்டு வெலைக்குச் சாமான் வாங்கினவன் வூட்டுக்கு மக்காத குப்பையை அனுப்பறதா?" என்று ஒதுக்கிவிட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் கல்வராயன் மலைச் சாமை உமி. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பஸ்ஸில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். நான் புடைத்துத் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னத் தலையணையாகத் தைத்து, மிக்சியைச் சுற்றி அணைத்து வைப்பேன். பிள்ளைத்தாய்ச்சியை வண்டியில் ஏற்றுகிற மாதிரி. கூடவே ஒரு சீட்டு: 'உமியைப் பூந்தொட்டியில் போடவும். துணியைக் கரித்துணிக்கு வைத்துக்கொள்ளவும்.' ஒரு சாமான்கூட உடைந்ததில்லை.

வினை அந்தச் சீட்டில் வந்தது.

ஒரு நாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா காரில் வந்து இறங்கினார். கையில் லேப்டாப் பை. சிரிப்பு கம்மி. நான் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்விட்டேன். அந்த அம்மா போனை ஒரிஜினலிடம் நீட்டினார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஒரு மாடி வீட்டுப் பூந்தொட்டி. அதில் சாமைப் பயிர் கதிர் சாய்ந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது.

"உங்க கஸ்டமர் எங்க கம்பெனிக்கு லெட்டர் போட்டிருக்காங்க சார். மிக்சி நல்லா ஓடுதாம். இந்தப் பயிரை எப்ப அறுக்கணும்னு கேக்கறாங்க."

ஒரிஜினல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னும் ஒரு வாரம் போவட்டும் மேடம்."

"சார்! நாங்க விக்கிறது மிக்சி. விதை இல்ல. உமிக்குள்ள தானியம் இருந்தா எலி வரும், பூச்சி வரும். கம்பெனி பேர் என்ன ஆகறது? ஏஜென்சியை ரத்து பண்ணலாமான்னு பார்த்துட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க. பேக்கிங் யார் பண்றது? யாரோட கவனக்குறைவுன்னு நான் எழுதணும். அவங்களை இனி வேலைக்கு வைக்கக் கூடாது."

அந்த ஒரு கம்பெனிதான் இவரை நம்பி ஏஜென்சி கொடுத்திருந்தது. அதுவும் போனால் கடை இல்லை. ரிப்பேர் கடையையும் எப்போதோ மூடியாகிவிட்டது.

ஒரிஜினல் அட்டைப்பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"பொடைக்கிறது, பேக்கிங் பண்றது, எல்லாம் நான்தான் மேடம்."

அவர் கையைப் பார்த்தாலே தெரியும். கிரீஸ் ஏறிய ரிப்பேர்காரர் கை. அந்த அம்மா ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்து, உமியை அள்ளிப் போட்டு, "எங்க, புடைச்சுக் காட்டுங்க" என்றார்.

ஒரிஜினல் முறத்தைக் காரோட்டுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். ஒரு தட்டுத் தட்டினார். உமி எழுந்தது. இன்னொரு தட்டு. அந்த அம்மாவின் தலை, கண்ணாடி, லேப்டாப் எல்லாம் உமி. மூன்றாவது தட்டில் முறம் கைநழுவி ஒரிஜினல் தலையிலேயே கவிழ்ந்தது. அப்போதும் விடாமல், முறத்துக்கு அடியிலிருந்து, "இப்டித்தான் மேடம் டெய்லி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து என் குரல்தான் வந்தது. எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

"அவரு டூப்ளிகேட்டு மேடம்! பொடைக்கிறது நான்தான்."

வெளியே வந்து முறத்தை வாங்கினேன். நாலு தட்டில் உமி ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம், சாமை ஒரு பக்கம் வந்து நின்றது. அந்த அம்மா முறத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா பிரிக்கறீங்க. அப்புறம் தானியம் எப்படிம்மா உள்ள போச்சு?"

ஒரிஜினல் எனக்குக் கண்ணைக் காட்டினார். பேசாதே என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நான்தான் போட்டேன் மேடம். மலைக்காரர் உமி குடுக்கறப்ப மூட்டை மேல ஒரு கை முழுச் சாமை போட்டுத்தான் கட்டுவாரு. வெறும் உமியைக் குடுத்தா வாங்கறவங்க வூடு வெறிச்சுனு போயிடும்னு அவருக்கு மனசு வராது. அதைப் பொடைச்சி எடுத்துட்டு, தலையணை தைக்கறப்ப ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிகை திருப்பிப் போட்ருவேன். அவ்ளோ வெலை குடுத்து வாங்கறாங்க. அவங்க வூட்டுக்கு வெறும் உமி போவலாமா?"

அந்த அம்மா தலையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். எதையோ தேடினார். மறுபடியும் தேடினார்.

"சார், உங்க கடையில இருந்து ஒரு மிக்சிகூட ரிட்டர்ன் வரலையே? எல்லா ஊர்லயும் வருது. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"வேணாங்கறவனுக்கு வித்தாத்தானே மேடம் திரும்பி வரும்? நான் வேணுங்கறவனுக்கே யோசிச்சித்தான் குடுப்பேன்" என்றார் ஒரிஜினல். இன்னும் அவர் புருவத்தில் உமி இருந்தது.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "உமி இருக்கட்டும். ஆனா நல்லா வறுத்துட்டுப் போடுங்க, பூச்சி வராது, முளைக்காது. தானியம் தனியா போகணும்னா, சின்ன பாக்கெட்ல போட்டு ஒட்டி, சாமைன்னு எழுதி அனுப்புங்க. இவங்களை நிறுத்தச் சொல்லி எழுதினா, நாளைக்கு நீங்கதானே புடைப்பீங்க? அந்த ஆபத்து கம்பெனிக்கு வேணாம்." கார் ஏறும்போது என்னிடம் ஒரு பொட்டலம் சாமை கேட்டு வாங்கிப் போனார்.

ஏஜென்சி கைவிட்டுப் போகவில்லை. அடுத்த வருஷம் ஒரு வாட்ச் கம்பெனியும் வந்தது. முதல் வாட்ச்சை அந்த மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி மாப்பிள்ளைக்கென்று காசு கொடுத்தே வாங்கினார். சும்மா கொடுத்தால் டூப்ளிகேட் என்று நினைத்துவிடுவாராம். தியாகதுருகத்து மாப்பிள்ளை இப்போது மணி கேட்காதவர்களுக்கும் மணி சொல்கிறார். எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வருகிறது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் கல்வராயன் மலை உமியும் ஒரு சின்னப் பாக்கெட் சாமையும் இருக்கும். ஒட்டியது நான். ஊரில் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டால் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரிஜினல் மட்டும் அந்த அதிகாரி போனபிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து நின்றார்.

"சாமை போட்டது இருக்கட்டும் யக்கா. என் வாயாலயே பொய்யி வந்திடுச்சி பாரு. அதான் ஆற மாட்டேங்குது."

என் வீட்டில் கம்பெனி சாமான் ஒன்றும் கிடையாது, அம்மிதான். ஆனால் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே டூப்ளிகேட் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு என்ன விலை சொன்னாலும் நான் கொடுப்பதாக இல்லை.