நஞ்சம்மா கம்யூனிகேஷன்ஸின் டைரக்டர்

நானும் ஒரு காலத்தில் கம்பெனி டைரக்டராக இருந்தவன்தான். பயோடேட்டாவில் இதைப் போட்டதில்லை. போட்டால் விசாரிப்பார்கள், விசாரித்தால் மானம் போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்து, பொம்மசந்திராவில் டெலிபோன் சாதனங்களுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்ன ஃபேக்டரியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். பேஜர் வந்துவிட்டது, செல்போன் வரப்போகிறது, கண்ணாடி இழைக்குள் பேச்சு ஓடப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தரும் பத்திரிகை எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பேப்பரில் மந்திரி செல்போனைக் காதில் வைத்திருக்கும் போட்டோ வரும். கம்ப்யூட்டர் இதழ்களில் பாதி விளம்பரம், மீதி விளையாட்டு. உருப்படியான வெளிநாட்டு இதழ் ஒன்று ஃபேக்டரிக்கு வந்தது. மேனேஜர் அதை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். (அவரும் படிக்கமாட்டார், மகராசன்.)

அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் ஒருநாள் அதே இதழ் கிடைத்தது. உள்ளே ஒரு அட்டை. துறையில் இருப்பவர்களுக்குச் சந்தா இலவசம், விவரம் எழுதி அனுப்பினால் போதும். பதவி டிரெய்னி, சாமான் வாங்கும் அதிகாரம் இல்லை என்று உத்தமனாக எழுதிப் போட்டேன். உங்களுக்குத் தகுதி இல்லை என்று பதில் வந்தது. அவர்களுக்கு வேண்டியது படிக்கிறவன் இல்லை, விளம்பரத்தைப் பார்த்துச் சாமான் வாங்குகிறவன். சரி, வாங்குகிறேன் போ என்று அடுத்த அட்டையில் டைரக்டர் ஆனேன். எனக்குக் கீழே ஆயிரம் பேர். கம்பெனிக்குப் பெயர் வேண்டுமே? நான் குடியிருந்த வீட்டு முகப்பில் 'நஞ்சம்மா நிலையா', அதாவது நஞ்சம்மா இல்லம், என்று பொறித்திருந்தது. நஞ்சம்மா கம்யூனிகேஷன்ஸ் உதயமானது.

ஒரு இதழ் வந்தால் அதில் இன்னொன்றுக்கு அட்டை இருக்கும். விளம்பரங்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள். வட்டம் போட்டு அனுப்பினால் கேட்லாக் வரும். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் வட்டம் போட்டேன்.

படிப்பதற்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம், ஒரே குழாய். கன்னடம் வராததால் நான் யாரிடமும் பேசுவதில்லை. கரண்ட் கட்டுக்காக எங்கள் ஃபேக்டரிக்குப் புதன்கிழமை லீவு. ஊரே வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வாரத்தில் என் பெயரைச் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். கூத்து என்னவென்றால், வெளிநாட்டுத் தபாலாக வருவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்னைப் பெரிய புள்ளி என்று நினைத்துக்கொண்டு இன்னும் விலகிப்போனார்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை குழாயடியில் லுங்கியோடு துணி துவைத்துக்கொண்டிருந்தேன். டை கட்டிய ஒருவர் கேட்டைத் திறந்து வந்து, வீட்டு ஓனர் ராமண்ணாவிடம் நஞ்சம்மா கம்யூனிகேஷன்ஸ் எங்கே என்று கேட்டார். நான் வட்டம் போட்ட ஏதோ ஒரு எண், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் விற்கும் கம்பெனியினுடையது. அவர்களுடைய சென்னைக் கிளை ஆளையே அனுப்பிவிட்டது.

ராமண்ணா திகைத்துப்போய், நஞ்சம்மா தன் தாயார், தவறிச் சில வருஷம் ஆகிறது என்றார். வந்தவர், கம்பெனியை ஆரம்பித்த அம்மாள் காலமான சேதி தெரியாமல் போயிற்றே என்று ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பித் துக்கம் விசாரித்தார். ராமண்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. (எனக்கும்தான். வேறு காரணம்.)

அடுத்து டைரக்டரின் பெயரைச் சொன்னார். குழாயடியே திரும்பி என்னைப் பார்த்தது.

"டைரக்டர் சிங்கப்பூர் போயிருக்கார் சார்," என்றேன்.

ராமண்ணா நல்ல மனிதர். வந்தவர் ஏமாந்து போகக்கூடாதே என்று, இவர்தான் அது என்று என் தோளைத் தட்டிக் காட்டிக்கொடுத்தார்.

ரூமுக்குக் கூட்டிப்போனேன், வேறு வழி? ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஸ்டவ்வுக்கு அடியில் மேடை மாதிரி அடுக்கிய இதழ்கள். அவர் பையிலிருந்து என் அட்டை விவரம் இருந்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆயிரம் பேரும் எங்க சார் உக்காருவாங்க?" என்று தமிழில் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

மன்னிப்புக் கேட்டேன். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்றார். வாசலில் ராமண்ணாவும் அவர் மனைவியும் குழாயடிக் கூட்டமும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச வராது, கேட்டால் புரியும். படிக்கிற ஆசைதான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்துவிட்டது.

"தபால்காரர் வந்து பேர் சொல்லிக் கூப்புடுவாரு சார். வேற யாரும் கூப்புடறதில்ல."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பத்திரிகைகளுக்குச் சொல்லிப் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள் என்று என்னிடமே வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

காலி பண்ணச் சொல்வார்கள் என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். ராமண்ணாவின் மனைவி.

"ஊட்டா ஆய்த்தா?" என்றார்.

சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பெங்களூரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்வி, வந்த நாளிலிருந்து என்னை யாரும் கேட்டதில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆனாலும் திமிர் போகுமா? "ஆய்த்து" என்றேன்.

"சுள்ளு சாக்கு, பா," என்றார். பொய் போதும், வா.

போனேன். ராகிக் களியும் குழம்பும். ராமண்ணா, என் அம்மா பெயரில் கம்பெனி நடத்தினாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று நிஜமாகவே குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இதழ்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

என் மனைவி பெங்களூரில் வாழ்ந்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே கன்னட வாக்கியம் ராமண்ணாவின் மனைவி சொன்னதுதான். வேலையாக வெளியூர் போய் லாட்ஜ் ரூமிலிருந்து போன் போட்டு, சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன் என்று சொன்னால் போதும், "சுள்ளு சாக்கு, பா" என்பாள். பின்னாலிருந்து பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். நானும் சிரித்துவிட்டு, போனை வைத்துவிட்டு, சாப்பிடப் போவேன்.