தலைமைப் பராமரிப்பாளர்

"போன பஸ்ஸை இன்னும் வருது வருதுன்னு சொல்லுதே உங்க ஆப்! தோ பாயோ ஸ்டாப்ல அரை மணி நேரம் காத்துக் கிடந்தேன்" என்று ஈவா குடையைக் கணவர் மேலேயே உதறினாள்.

லாசரஸ் பதறவில்லை. சிங்கப்பூரில் பஸ் வரும் நேரம் காட்டும் 'பஸ் எப்போ' அவர் தொடங்கி வைத்த செயலி. சம்பளமில்லாத தன்னார்வலர்கள் கூடி எழுதுவது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலெடுக்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மட்டும் ஒருவர். 'தலைமைப் பராமரிப்பாளர்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியவரும் அவரே.

தன்னார்வலர்களில் ஒருத்தியான ருக்கையா மார்சிலிங்கிலிருந்து அன்றே திருத்தம் அனுப்பிவிட்டாள். ஒரே வரி.

"சேர்த்துடுங்கண்ணே. அடுத்த மாசம் லைப்ரரில உங்க பேச்சு இருக்குல்ல? அத்தனை பேர் முன்னாடி ஆப் சொதப்பினா மானம் போயிடும்."

"ஒருத்தர் எழுதி ஒருத்தர் சேர்க்கிறதுக்கு இது என்ன மளிகைக்கடையா? ரெண்டு பேர் சரிபார்க்கணும்மா. அதான் முறை."

இரண்டு பேர் சரிபார்த்தார்கள். ஒருவர் பிரமாதம் என்றார். மற்றவர், வரிக்கு முன்னால் இடைவெளி போதாது என்றார். சண்டை முற்றியது. தீர்த்து வைக்க லாசரஸ் ஒரு கமிட்டி போட்டார்.

கமிட்டி ரேஸ்கோர்ஸ் ரோடு சாப்பாட்டுக் கடையில் கூடியது. மீன்தலைக் கறி ஒருமனதாக நிறைவேறியது. திருத்தத்துக்கு வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. சரிபாதியானால் என்ன செய்வது என்று விதி எழுத இன்னொரு கமிட்டி. விதி முடியும்வரை யாரும் எதையும் அனுப்பக்கூடாது என்று தலைமைப் பராமரிப்பாளர் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, ஜனங்க ஸ்டாப்ல நிக்கிறாங்க லா!" என்றாள் ருக்கையா.

"நிக்கட்டும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதன்பிறகு குழுவில் சத்தமே இல்லை. கேள்வி இல்லை, சண்டை இல்லை.

"ஒழுங்கு வந்துடுச்சு, பார்த்தியா?" என்று ஈவாவிடம் பூரித்தார்.

"ஆளே இல்லாத வீடும் அமைதியாத்தான் இருக்கும்" என்றாள் ஈவா.

லைப்ரரி அரங்கு நிறைந்திருந்தது. 'கூடிச் செய்யும் கலை' பற்றி லாசரஸ் முழங்கினார். உள்ளுக்குள் மட்டும் ஒரு வேண்டுதல். யாரும் ஆப்பைத் திறந்துவிடக் கூடாதே!

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "பேச்செல்லாம் சரி சார். வாசல்ல இப்ப ஒரு பஸ் போச்சு. ஆப் என்ன சொல்லுதுன்னு பார்ப்போமா?"

லாசரஸ் தடுப்பதற்குள் அரங்கமே கைப்பேசியைத் திறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போயிடுச்சுன்னு கரெக்ட்டா காட்டுது!"

"அடுத்த பஸ் நேரமும் வந்துடுச்சு!"

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. லாசரஸ் கண்ணைத் திறந்தார். கமிட்டிக்காரர்கள் எப்படியோ விதியை முடித்து, திருத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள் போலும்! நெஞ்சு நிமிர்ந்தது.

"பார்த்தீர்களா? இதுதான் முறைக்குக் கிடைத்த வெற்றி!"

நிகழ்ச்சி நெறியாளர் கண்மணி பொன்னாடையோடு மேடையேறி, மைக்கில் விழாமல் மெல்லச் சொன்னாள்.

"கொஞ்சம் குனிங்க சார், இது உங்க வயசுக்கு மரியாதை, அடுத்தது ருக்கையாவுக்கு, ஏன்னா இங்க எல்லார் போன்லயும் ஓடுறது அவங்களும் உங்க கமிட்டிக்காரங்களும் உங்க நிரலை நகலெடுத்துத் தனியா நடத்துற ஆப் லா!"