மந்திக்கு வந்த மனித ரிப்போர்ட்

ஒரு காட்டில் ஆய்வகம் ஒன்று இருந்தது. காட்டில் எதற்கு ஆய்வகம் என்று கேட்பவர்கள் கதையை இங்கேயே மூடிவிடலாம். கரடித் தோலைப் போர்த்திக்கொண்டு வேட்டைக்காரர்கள் உள்ளே நுழைவதாகப் புகார் வந்தது. யார் மனிதன் என்று கண்டுபிடித்துத் துரத்தும்படி சிங்க மகாராஜா உத்தரவு போட்டுவிட்டார்.

பொறுப்பு நரி டாக்டரிடம் வந்தது. மனிதச் செல்லின் மேல் இருக்கும் ஒரு ஏற்பிப் புரதத்தை எடுத்து, வெள்ளையன் என்ற முயலுக்கு ஊசியில் ஏற்றினார். அதை எதிர்த்து முயலின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஊறியது. சந்தேகப்படுபவரின் வாயில் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்து, அதன்மேல் ஆன்டிபாடியையும் சாயத்தையும் சொட்டினால், மனிதச் செல்லில் ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் காட்டும்.

"ஐயா, அது மத்தவங்க செல்லுலயும் கொஞ்சம் ஒட்டுதுங்க," என்றது முயல்.

"நீ ரத்தம் குடுக்கிறதோட நிறுத்திக்கோ," என்றார் டாக்டர்.

முதல் நாளே மாட்டியது மந்தி அலமேலு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டி தொங்கியது. சொட்டு விட்டதும் இளம்பழுப்பு.

"நீ மனுஷி. குட்டியைத் தூக்கிட்டு ஊருக்குள்ள போயிடு."

"டாக்டரே, எனக்கு வால் இருக்கே!"

"வாலெல்லாம் ரிப்போர்ட்ல வராதும்மா."

அலமேலுவுக்கு அழுகை முட்டியது. பிறந்த மரத்தை விட்டுவிட்டு, நாய்கள் திரியும் ஊருக்குக் கைக்குழந்தையோடு எப்படிப் போவாள்? "மனுஷனே இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதைப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அதனால் டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த மகாராஜா, "எனக்கே போடுங்க," என்று வாயைத் திறந்துவிட்டார். நல்ல பழுப்பு. பல்லிடுக்கில் இருப்பது முந்தாநாள் சாப்பாடா, அது யார் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

மருந்தைக் கீழே கொட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? டாக்டர் படித்தவர். "மகாராஜா மனிதர் இல்லை. ஆகவே அவருடைய நிறம்தான் மிருகத்துக்கான அளவு. அதற்குக் குறைந்தவர்கள் அனைவரும் மனிதர்கள்," என்று அறிவித்தார்.

யானை, மான், மயில் எல்லாம் மனிதர்களாகி வெளியேறின. ரத்தம் கொடுத்த முயலும் தேறவில்லை. டாக்டருக்கு மட்டும் சோதனை கிடையாது. அலமேலு ஊர்க்கோடியில் ஒரு புளியமரத்தில் குட்டியோடு உட்கார்ந்து, அவரை வாயாரத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கரடித் தோலுக்குள் ஒரு ஆள் துப்பாக்கியோடு பிடிபட்டான். சோதித்தால் கரும்பழுப்பு. மகாராஜாவையே தாண்டிவிட்டது.

டாக்டர் எழுந்து நின்றார். "மன்னிக்கணும், உங்களைப் போயி நிக்க வச்சுட்டோம். நீங்க சிங்கத்துக்கும் மேல!" துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்து, மகாராஜாவின் குகைக்கு வழியும் காட்டினார்.

வெடிச் சத்தம் புளியமரம் வரை கேட்டது. அலமேலு குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அன்றைக்குத் திட்டவில்லை.

டாக்டர் ரிப்போர்ட் எழுதினார்: சிங்கங்களுக்குள் தகராறு.

நீதி: ரிப்போர்ட் தவறாக வந்தால் வாதாடாதீர்கள், வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போய்விடுங்கள்.